கடலில் இருப்பவர்களுக்கு ஒரு வரி

ஜூலை 3, வெள்ளி

என் பெயர் கஸ்பார். வயது எழுபத்தொன்று. ஊர் சங்குமுனை. இந்த மூன்றையும் நானே எழுதினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் ஒரு வள்ளத்தைக் கரையேற்றி வலையை உதறியிருக்கலாம். ஆனால் வள்ளம் நாளைக்கு மறுபடியும் கடலுக்குப் போய்விடும். இது போகாது.

முதியோர் வகுப்பில் தேறியவர்களுக்கு ஜெனோவா டீச்சர் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்தார். அங்கன்வாடியில் பகலெல்லாம் பிள்ளைகள், சாயங்காலம் நாங்கள். அதே சின்ன நாற்காலிகள். பதினெட்டுப் பேரில் ஆண் நான் ஒருவன்தான். "பெரியப்பா, தினமும் ரெண்டு வரியாவது எழுதணும். இல்லன்னா எழுத்து கையை விட்டுப் போயிரும்" என்றார்.

வீட்டில் பிரகாசி மீன் அறுத்துக்கொண்டே கேட்டாள். "என்ன எழுதுதீங்க, உயிலா?"

"என் பேரு."

"நாப்பத்தேழு வருசமா அதே பேருதான. மறந்துபோச்சாக்கும்."

ஜூலை 4, சனி

இன்று நெத்திலி. நிறைய.

ஜூலை 7, செவ்வாய்

நோட்டு இருக்கிறது. படிக்க ஏதாவது வேண்டுமே. வீடு முழுக்கத் தேடினேன். ரேஷன் அட்டையைப் படித்தேன், தைல பாட்டிலைப் படித்தேன், காலண்டரின் பின்பக்கத்தைப் படித்தேன். கடைசியில் உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு புத்தகம் கிடைத்தது. இருபத்து நான்கு பக்கம். ஜாடியின் வட்டம் அட்டையில் பதிந்திருந்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே எட்டுக் கிலோமீட்டரில் அணுமின் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பதினாறு கிலோமீட்டருக்குள் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுத்த அவசரகாலக் கையேடு இது. கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் பாதிப்பேர் இதில் கருவாடு பொதிந்துவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று முடிவு செய்தேன். அதற்கு மேல் கண் ஒத்துக்கொள்ளாது.

ஜூலை 9, வியாழன்

மூன்றாம் பக்கம். அணுவைப் பிளந்தால் சூடு வருமாம். அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகுமாம். ஆவி சக்கரத்தைச் சுற்றினால் மின்சாரம். கடைசியில் எல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதுதான். பிரகாசியிடம் வாசித்துக் காட்டினேன்.

"இட்லிப் பானைக்கா அம்புட்டுப் பெரிய மதிலு கட்டினாக?" என்றாள்.

அந்த மதிலுக்கு நானும் கம்பி சுமந்திருக்கிறேன். கடலுக்குப் போகாத நான்கு தடைக்காலங்கள். சுவர் எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் விரித்தால் எட்டாது. அதே நாட்களில் பிரகாசி, நிலையம் வேண்டாம் என்று சொன்னவர்களோடு பந்தலில் உட்கார்ந்திருந்தாள். நான் மத்தியானம் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடி கம்பி சுமக்கப் போவேன். ஊரே சிரித்தது. நாங்களும்தான்.

நன்மையும் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் ஐஸ் கம்பெனியில் மின்சாரம் போய் மீன் நாறிப்போகும். இப்போது அந்தப் பேச்சு இல்லை. சுவரைப் பற்றி எனக்குப் பயமும் இல்லை. அங்கே கொடுத்த காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பெருவிரலை வைத்தேன். அதை நினைத்தால்தான் ஒரு மாதிரி இருக்கும்.

ஜூலை 12, ஞாயிறு

ஒரு விஷயம் கவனித்தேன். வியாழக்கிழமை எழுதிய ஒரு சொல் தப்பு என்று மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. திருத்தலாம் என்று பூசை முடிந்து வந்து நோட்டைத் திறந்தேன். சரியாகத்தான் இருந்தது. புதிதாக ஊற்றிய சிமென்டு இறுகுவதுபோல எழுத்தும் ஒரு நாள் கிடந்தால் தானாக இறுகிக்கொள்ளும் போலிருக்கிறது.

பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. கையைக் கழுவிவிட்டு எழுத வேண்டும்.

ஜூலை 16, வியாழன்

பத்தாம் பக்கம். அயோடின் மாத்திரை. கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பியைக் காப்பாற்றும். சொன்ன பிறகுதான் போட வேண்டும், முன்கூட்டியே போடக் கூடாது.

டீக்கடையில் இதைச் சொன்னேன். தொபியாஸ் விடவில்லை. அவரும் நானும் ஒரே வருடத்தில் கடலுக்குப் போனவர்கள், ஒரே வருடத்தில் நிறுத்தியவர்கள்.

"வேய் கஸ்பாரு, அந்த மாத்திர சக்கரைக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"முட்டுவலிக்கு?"

"கேக்காதுவோய்."

"பொறவு என்ன மயித்துக்கு அதப் படிக்கீரு? சீட்டுக்கு ஒரு கை கொறையுது, வாரும்."

ஜூலை 18, சனி

பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சைரன் ஒலித்தால் உடனே வீட்டுக்குள் செல்லவும். கதவு, ஜன்னல்களை மூடவும். வானொலியைக் கேட்கவும்."

என் மகன் அமல் காலை நான்கு மணிக்குக் கடலுக்குப் போனால் மத்தியானம்தான் வருவான். அவன் எந்தக் கதவை மூடுவான்?

பின்னால் வரும் பக்கங்களில் இருக்கும். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவார்களா என்ன.

ஜூலை 24, வெள்ளி

பதினெட்டு. ஆடு மாடுகளுக்கு மூடிய தொழுவத்தில் வைத்த தீவனம் மட்டும் கொடுக்க வேண்டும். கிணற்றை மூடி வைக்க வேண்டும். மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் எங்கள் ஊர்க்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றி, வடக்கே போய்ச் சுற்றி, நிலையத்துக்கு அப்பால் மேற்கே இருக்கும் மேலத்துறைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். காற்று வரும் திசைக்குப் போய்விட்டால் பயமில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடல் இன்னும் வரவில்லை.

ஜூலை 30, வியாழன்

முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம். இதைக் கொண்டாட பிரகாசியிடம் பாயசம் கேட்டிருந்தேன், அவளும் வைத்திருந்தாள். குடித்தேன். ஆனால் ருசி தெரியவில்லை.

ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, கிணறு இருக்கிறது. கடலில் இருப்பவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

முப்பத்தெட்டு வள்ளம். வள்ளத்துக்கு நான்கு பேர். பாதி வள்ளங்களில் வயர்லெஸ் கிடையாது. செல்போனைப் பாலித்தீன் பையில் கட்டி வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்துக்குள் போட்டுவைப்பார்கள். இஞ்சின் சத்தத்தில் சைரன் எங்கே கேட்கும்?

ஒருவேளை எனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். பிரகாசி சோற்றை வடித்துக்கொண்டே, "எத்தன தடவ பாத்தாலும் இல்லாதது இல்லாததுதான்" என்றாள். நான் எதைத் தேடினேன் என்று அவளிடம் சொன்னேனா, நினைவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று நிலையத்தின் தகவல் மையத்துக்குப் போனேன். பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். கண்டக்டரிடம், "இது தகவல் மையம் போகும்" என்று நானே சொன்னேன். "தெரியும் தாத்தா" என்றான்.

அங்கே ஹேமலதா என்று ஒரு இன்ஜினியர். கரூர்ப் பக்கம். பாதுகாப்பு அவருடைய வேலை. புத்தகத்தை மேசையில் வைத்து, கடல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார், பின்னாலிருந்து புரட்டினார்.

"எல்லாரும் வீட்டுக்குள்ள போகணும்னு இருக்குங்க ஐயா."

"கடல்ல வீடு இல்லியே தாயி."

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இதை முழுசும் படிச்சீங்களா?"

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இப்பத்தான் எழுத்துக் கூட்டப் படிச்சேன்."

"நான் ஒரு மணி நேரத்துல படிச்சேன்" என்றார். "அதுதான் தப்பு போல."

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊரோடு சேர்த்து ஒத்திகை நடத்தியே ஆக வேண்டுமாம். அதைப் பார்க்க, நிலையங்களைக் கண்காணிக்கும் வாரியத்திலிருந்து ஆள் வருவார்களாம். அடுத்த ஒத்திகை ஆகஸ்ட் பதின்மூன்று. அதில் வள்ளங்களையும் சேர்த்துவிடலாம் என்றார்.

"கடல்ல இருக்கறவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?"

"மாதா கோயில் கோபுரத்துல கொடி ஏத்துவோம். எம்புட்டுத் தூரத்துல இருந்தாலும் கோபுரத்தப் பாத்துத்தான் தொழில் செய்வாக."

"அப்ப கொடியே ஏத்திடலாம்" என்று எழுதிக்கொண்டார். டீ கொடுத்தார். இரண்டு பிஸ்கட்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

வியாழக்கிழமை ஒத்திகை, சைரன் ஊதும், யாரும் பயப்பட வேண்டாம் என்று பூசையில் அறிவித்தார்கள். தொபியாஸ் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகஸ்ட் 13, வியாழன்

இன்று எழுத நிறைய இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் சைரன் ஊதியது. நாய்கள் கூடவே ஊளையிட்டன. பெண்களில் பாதிப்பேர் வீட்டுக்குள் போனார்கள், பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள். கடற்கரையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஹேமலதா. மறுபக்கம் கடிகாரத்தோடு ஒரு அதிகாரி. சற்றுத் தள்ளி, வாரியத்திலிருந்து வந்த வெள்ளை அரைக்கைச் சட்டைக்காரர் ஒருவர். அவர் பேசவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

கோயில் உபதேசியார் லேயோன் கோபுரத்தில் ஏறினார். கொடி ஏறியது. கறுப்புக் கொடி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் கடலிலிருந்து ஆளைக் கூப்பிட ஒரே கொடிதான். யாராவது இறந்தால் ஏற்றுவது. கண்டதும் வலையைப் பாதியில் விட்டாவது வந்துவிட வேண்டும், யார் வீட்டுச் சாவு என்று கரைக்கு வந்துதான் தெரியும். எந்தக் கொடி என்று ஹேமலதா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உபதேசியாரும் கேட்கவில்லை. கொடி என்றால் எங்களுக்கு அதுதான்.

முப்பத்தெட்டு வள்ளமும் திரும்பின. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. அமல், வள்ளம் மணல் தட்டும் முன்பே தண்ணீரில் குதித்துவிட்டான். வீட்டைப் பார்த்து ஓடியவன், நாற்காலியில் என்னைக் கண்டு நின்றான். வந்து என் தோளைத் தொட்டான். அமுக்கிப் பார்த்தான்.

"யப்பா. அம்மையா?"

"இல்லல. அந்தா நிக்கா பாரு."

"அப்ப யாரு?"

"ஒருத்தரும் இல்ல மக்கா. ஒத்திகை."

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். பிறகு, "இனி நீங்க படிக்கவே வேண்டாம்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் முழங்காலைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

இன்னொரு வள்ளத்தில் வந்த கொஸ்மாஸ் நேரே மாமியார் வீட்டு வாசலில் போய் விழுந்து அழுதானாம். அந்த அம்மாள் உள்ளேயிருந்து வந்து, "எனக்கா இம்புட்டு அழுகை? நல்லாத்தான இருக்கு, இன்னும் கொஞ்சம் அழு" என்றாளாம்.

அதிகாரி கடிகாரத்தை நிறுத்தினார். "முப்பத்தெட்டு வள்ளம், ஐம்பத்திரண்டு நிமிஷம். பிரமாதம்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. முகத்தில் அடித்த காற்று அப்படி.

"ஐயா, இப்ப என்ன காத்து அடிக்கு?" என்று கேட்டேன்.

"காத்தா? ஏன்?"

"கச்சான். மேல்காத்து. அங்கேருந்து இங்க அடிக்கு." நிலையம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். "இது நெசமா இருந்தா ஊரு சனத்த நீங்க பஸ்ஸுல ஏத்தி மேலத்துறைக்குக் கொண்டு போயிருப்பீக. புஸ்தகத்துல அப்படித்தான இருக்கு. ஆளில்லாத ஊருக்குள்ள, அந்தக் காத்துக்கு நேரா, நூத்தம்பது பேரையும் நாமளே கூப்பிட்டு விட்டுருப்போம்."

ஹேமலதா முகம் வெளுத்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இதை எழுதித் தர முடியுமா, பெரியவரே? பதினஞ்சு நாளைக்குள்ள. வாயால சொன்னா கேட்டுக்குவோம். எழுத்துல வந்தா, பதில் வர்ற வரைக்கும் நாங்க அவங்கள விடக் கூடாது. அது விதி."

எழுதித் தர முடியுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டுவிட்டார். என்னிடம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

முடியும்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

நான்கு நாளாக எழுதுகிறேன். காற்று, வள்ளம், கறுப்புக் கொடி எல்லாம் வந்துவிட்டன. வராதே என்று சொல்ல வேறு ஒரு கொடி வேண்டும், கையேட்டில் அதற்கு ஒரு வரி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்த வரியையும் நானே எழுதினேன்: "இந்தக் கொடி பறந்தால் ஊருக்கு வராதீர்கள். மேலத்துறைக்குப் போங்கள்."

அமலிடம் வாசித்துக் காட்டினேன். வலையில் கண்ணி விட்டுப்போன இடத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கு யப்பா. ஆனா நான் ஊருக்குத்தான் வருவேன்."

"வராதன்னு எழுதியிருக்கேம்லல."

"நீங்க என்ன வேணா எழுதுங்க. நீங்களும் அம்மையும் எம்பிள்ளையளும் இங்க கெடக்கீகளா போயிட்டீகளான்னு தெரியாம, மேக்க பாத்து வள்ளத்த விடுவனா நான்? செத்தாலும் வந்துதான் பாப்பேன். ஒருத்தனும் போவமாட்டான். கேட்டுப் பாருங்க."

டீக்கடையில் போய்க் கேட்டேன். ஒருத்தனும் போகமாட்டானாம். தொபியாஸ்கூடக் கேலி செய்யவில்லை. "நம்மளா இருந்தாலும் வந்திருப்போம்லா கஸ்பாரு" என்றார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. கொடி ஏற்றலாம். கொடியைப் பார்த்தும் வருகிறவனை என்ன செய்ய? பிரகாசியிடம் சொல்லிப் புலம்பிவிட்டு, நோட்டை அப்படியே விரித்துப்போட்டுவிட்டு எழுந்துபோனேன்.

ஆகஸ்ட் 19, புதன்

கடற்கரைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வந்தேன். நோட்டு நான் விட்ட இடத்திலேயே இருந்தது. வரி அப்படி இல்லை.

"மேலத்துறைக்குப் போங்கள்" என்பதற்கு மேல் ஒரு கோடு. அதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டார் மேலத்துறையில் இருக்கிறார்கள். அங்கே வாருங்கள்."

எழுத்து தானாக இறுகும் என்று எனக்குத் தெரியும். தானாக வளரும் என்று தெரியாது.

அமலிடம் மறுபடி வாசித்தேன். அவன் ஊசியை நிறுத்தினான்.

"நெசமாவே அங்க இருப்பீகளா?"

"இருப்போம். பஸ் வந்தா முதல் ஆளா ஏறுவோம்."

"அப்படின்னா போவேன்" என்றான்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

நல்ல தாளில் பிரதி எடுத்து முடித்தேன். இரண்டு பக்கம். கீழே கையெழுத்துப் போட்டு, வாரியத்துக்கு அனுப்பினேன். இங்க் பேடு வைத்துக்கொண்டு தபால் ஆபீஸில் யாரோ நின்றிருந்தார்கள். நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

மாதா பிறந்த நாள். பூசை முடிந்ததும் ஹேமலதா வந்தார். வாரியம் என் கடிதத்துக்குப் பதில் கேட்டு எழுதியிருக்கிறதாம். கேள்வி மூன்று வரி, அதற்குப் பதில் எழுத ஏழு பேர் உட்கார்ந்தார்களாம். "ஒங்களால எனக்கு ரெண்டு வாரமா லீவு இல்லைங்க ஐயா" என்றார். ஆனால் கோபம் இல்லை. வாழையிலையில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒத்திகையை மறுபடி நடத்தப் போகிறார்கள், இருபத்து நான்காம் தேதி.

கொடிக்கு என்ன நிறம் என்று ஊர் கூடிப் பேசியது. கறுப்பு ஆகாது. வெள்ளையும் நீலமும் மாதாவுக்கு. சிவப்பு என்றால் ஒரு கட்சிக்காரன் சண்டைக்கு வந்தான், பச்சை என்றால் இன்னொருவன். மஞ்சளுக்கு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

"சின்னத் துணி பத்தாது. தூரத்துல தெரியணும்" என்றார் உபதேசியார்.

பிரகாசி எழுந்து வீட்டுக்குப் போனாள். பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் சேலையைக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய சேலை. நாற்பத்தேழு வருடத்தில் நிறம் கொஞ்சமும் போகவில்லை.

"பன்னெண்டு முழம் இருக்கு. போதுமா?" என்றாள்.

"இதையா?" என்றேன்.

"பொறவு? இனி நான் இதக் கட்டிட்டு யாரப் பாக்கப் போறேன். கடல்ல நிக்கவன் பாக்கட்டும்."

செப்டம்பர் 16, புதன்

அமலும் மற்றவர்களும் சீலா மீனாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். எழுத நேரமில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

செப்டம்பர் 24, வியாழன்

எந்த நேரம் என்று கடலுக்குப் போனவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மஞ்சள் கொடிக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

ஒன்பதே காலுக்குச் சைரன். பஸ்கள் வந்தன. சொன்னபடி நான்தான் முதலில் ஏறினேன். ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். கோபுரத்தில் பிரகாசியின் சேலை மேல்காற்றில் முழு நீளத்துக்கும் விரிந்து பறந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவள் என் முன்னால் வந்து நின்ற நாள் நினைவுக்கு வந்தது. அதை எழுத மாட்டேன்.

மேலத்துறையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே கடல். பெயர் எழுத வரிசை. எல்லோருக்கும் சோறு, சாம்பார், ஒரு முட்டை. யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தட்டில் சோறு ஆறியது. என் மருமகள் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ண ஒன்றும் இல்லாமலே.

பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. கடலில் ஒரு புள்ளிகூட இல்லை.

அமல் ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். என் பிள்ளையை எனக்குத் தெரியும். ஒரு கொடிக்கும் ஒரு வரிக்கும் அவன் கட்டுப்படுவான் என்று எப்படி நம்பினேன்? ஹேமலதா என் பக்கத்தில் நின்று சுடிதார் ஷாலின் முனையை முறுக்கிக்கொண்டே இருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தா" என்றாள் பிரகாசி.

எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெளிக்கடலில், நிலையத்தை நன்றாக ஒதுக்கி, தெற்கே சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஒன்று. பின்னால் மூன்று. அதற்குப் பின்னால் வரிசையாக. முதல் வள்ளத்தின் அணியத்தில் நிற்பவன் யார் என்று முகம் தெரியும் முன்பே, நிற்கிற நிற்பில் தெரிந்துவிட்டது.

பெண்கள் சத்தம் போட்டார்கள் பாருங்கள், அதைச் சைரனுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். என் மருமகள் தட்டோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

அமல் மெதுவாகவே இறங்கினான். ஓடவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து முடித்துவிட்டு, "முட்டை இருக்கா?" என்றான்.

முப்பத்தேழு வள்ளம் வந்தது. ஒன்று வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பஸ்ஸில் வந்து இறங்கினான் கொஸ்மாஸ். கொடியைப் பார்த்துவிட்டும் சந்தேகத்துக்கு ஊருக்கே போய்ப் பார்த்தானாம்.

"ஒரு ஈ காக்கா இல்ல. எம்மாமியார்கூட இல்ல" என்றான், ஏதோ அதிசயத்தைக் கண்டவன்போல. அவனையும் கணக்கில் எழுதிக்கொண்டார் வெள்ளைச் சட்டைக்காரர். அவன் எதற்காகத் திரும்பினான் என்று அரை மணி நேரம் விசாரித்தார். தப்பு செய்தவனிடம்தான் அதிகம் கற்க வேண்டுமாம். கொஸ்மாஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெயர் எழுதும் வரிசையில் நான் கையெழுத்துப் போட்டேன். எழுதுகிற பெண், பிரகாசியின் பக்கம் இங்க் பேடைத் தள்ளினாள். பிரகாசி ஒரு நிமிடம் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள்.

அவள் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருந்தது. பென்சில் பிடிக்கிற இடம். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கும் அதே இடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அக்டோபர் 15, வியாழன்

புதிய கையேடு வந்தது. வீட்டுக்கு ஒன்று. இருபத்தைந்து பக்கம். ஒரு பக்கம் கூடியிருக்கிறது. அதன் தலைப்பு: "கடலில் இருப்பவர்களுக்கு."

அதிகாரிகள் அங்கங்கே நீளமான சொற்களைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நடுவில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில், கொடியின் நிறம் தவிர ஒரு சொல் மாறாமல் அது இருக்கிறது:

"மஞ்சள் கொடி பறந்தால் ஊருக்கு வராதீர்கள். உங்கள் வீட்டார் மேலத்துறையில் இருக்கிறார்கள். அங்கே வாருங்கள்."

ஊரில் எல்லோரும் கஸ்பார் எழுதிய வரி என்கிறார்கள். டீக்கடையில் தொபியாஸ் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார். அவர் வீட்டுக் கையேட்டில் இனி கருவாடு பொதிய மாட்டாராம். ஜெனோவா டீச்சர் அதை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அடுத்த வகுப்புக்கு அதுதான் பாடமாம்.

போகிற போக்கில் ஜெனோவாவிடம் கேட்டேன், இந்த ஊரில் என் வயதுப் பெண்களில் முன்பே படித்தவர்கள் யாராவது உண்டா என்று. "ஏன் இல்ல. கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் போனவங்க ரெண்டு பேர் இருக்காங்களே" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் சிரித்தார்.

சாயங்காலம் பிரகாசியிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. அவள் மீன் அறுப்பதை நிறுத்தவில்லை.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"யாரு எழுதினதோ, நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றாள்.

"ஆமா" என்றேன். "ரொம்ப நல்லா எழுதியிருக்காக."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தைத் தெரிந்தே தப்பாகப் போட்டிருக்கிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன். நோட்டை விரித்து வைத்துவிட்டு, பென்சிலைச் சீவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடற்கரை வரைக்கும் நடந்துவிட்டு வரப்போகிறேன்.